ஆளில்லாத சர்ச்சும் குரூப் போட்டோவும்

பழைய சர்ச்சை லார்ஜ் ஃபார்மட் கேமராவில் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஆட்களை வெளியே அனுப்புகிறார்கள். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக நகர்த்தச் சொல்வார்கள். பிறகு டியூப்லைட்டை அணைக்கச் சொல்வார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியை ஒரு பத்து நிமிஷம் மட்டும் எடுத்து வைக்க முடியுமா என்று கோயில் பிள்ளையிடம் பணிவாகக் கேட்பார்கள். அவரும் எடுத்து வைப்பார், பிறகு அவரும் வெளியே போய் நிற்பார். இப்படிக் கிடைக்கிற படம் அழகாகத்தான் இருக்கிறது. நெடிய தூண்கள், பக்கவாட்டு ஜன்னலிலிருந்து சரிந்து விழும் வெளிச்சம், தேய்ந்த கல்தரை. இணையத்தில் இந்தப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி வலுத்துக்கொண்டே வந்தது. இந்தப் படங்களைப் பார்த்து அந்தச் சர்ச் யாருடையது என்று சொல்ல முடியுமா?

இதைக் கேட்பதற்கு முன்னால் அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட வேண்டும். ஆட்களை வெளியேற்றுவதில் பாதி வேலையை அது தானாகவே செய்துவிடுகிறது.

லார்ஜ் ஃபார்மட் என்றால் 4×5 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஃபிலிம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃபிரேமோடு ஒப்பிட்டால் 4×5 தாள் பரப்பளவில் ஏறக்குறைய 15 மடங்கு பெரியது. 8×10 என்றால் 60 மடங்கு. சுருள் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு தாள். முன்னால் லென்ஸ் பலகை, பின்னால் சொரசொரப்பான கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் கொல்லன் துருத்தி மாதிரி மடிந்து விரிகிற ஒரு கூடு. கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் சர்ச் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும். கோபுரம் கீழே, தரை மேலே.

கட்டடத்தை எடுக்க இந்தக் கேமராவை விட்டால் ஆளில்லை என்று சொல்வதற்கு நல்ல காரணம் உண்டு. உயரமான கோபுரத்தை எடுக்கச் செல்போனை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். பக்கச் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன, கோபுரம் பின்பக்கம் விழப்போவது மாதிரி தெரிகிறது. லார்ஜ் ஃபார்மட் கேமராவை அண்ணாந்து பிடிக்கத் தேவையில்லை. ஃபிலிம் இருக்கும் பின்பக்கத்தைச் செங்குத்தாக வைத்துவிட்டு, லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றினால் போதும். கோபுரம் முழுசாக உள்ளே வரும், சுவர்களும் நேராக நிற்கும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த நேர்க்கோடு படத்திலும் நேர்க்கோடாகவே இருக்கும்.

நேரக் கணக்கு இன்னொரு விஷயம். முன்னாலிருக்கும் பெஞ்சிலிருந்து தூரத்துப் பீடம் வரை எல்லாம் கூர்மையாக வரவேண்டும் என்றால் லென்ஸின் துளையை மிகவும் சுருக்க வேண்டும். விளக்கணைத்த சர்ச்சுக்குள் அப்படிச் சுருக்கினால் லைட் மீட்டர் ஒரு நிமிஷம் என்று காட்டக்கூடும். ஆனால் ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. நேரம் நீள நீள அதன் உணர்திறன் மந்தமாகிவிடும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு அந்தக் கம்பெனியே தந்திருக்கும் கணக்கின்படி, மீட்டர் 10 நொடி என்றால் 20 நொடி கொடுக்க வேண்டும், 60 நொடி என்றால் மூன்றரை நிமிஷம் கொடுக்க வேண்டும்.

அந்த மூன்றரை நிமிஷத்தில் உள்ளே என்னென்ன நடக்கும்? ஒருவர் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவார். படத்தில் அவர் இருக்க மாட்டார். விளக்குமாறோடு ஒரு அம்மா பெஞ்சுகளுக்கு நடுவில் பெருக்கிக்கொண்டே போவார். அவரும் இருக்க மாட்டார். முழங்காலில் நின்று அசையாமல் ஜெபிக்கிற ஒருவர் மட்டும் புகை மாதிரி பதிவார். 1838இல் டகேர் எடுத்த பாரிஸ் தெருப் படம் ஞாபகம் வரலாம். நடமாட்டம் மிகுந்த தெரு அந்தப் படத்தில் காலியாகக் கிடக்கும். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்றவர் மட்டும் உருவமாக விழுந்திருப்பார், அவர் காலடியில் வேலை செய்கிறவர் அதைவிட மங்கலாகத் தெரிவார். நிற்க நேரமிருப்பவர்களைக் கேமரா வைத்துக்கொள்கிறது. வேலையாக இருப்பவர்கள் கரைந்துபோகிறார்கள். இதற்கு யாருடைய உள்நோக்கமும் காரணமில்லை, ரசாயனம்தான் காரணம். ஆனால் இந்த ரசாயனக் குறைபாட்டை நாம் எப்போது ஒரு ரசனையாக மாற்றிக்கொண்டோம் என்பதுதான் என் கேள்வி.

*

நம் பக்கத்தில் இது 1850களிலேயே தொடங்கிவிட்டது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. நான் இருக்கும் அரக்கோணம் ஒரு ஜங்ஷனாக வளர்ந்தது அந்தப் பாதையால்தான். அதே 1856இல் மதராஸ் அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியிலும் 1858லும் அவர் மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதம்தான் நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஓரடிக்கு மேல் நீளம்.

டிரைப்பின் படங்களைப் பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். 2014–15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று பெரிய அருங்காட்சியகங்களில் அவருடைய கண்காட்சி நடந்தது. மதுரையின் மண்டபங்களும் தஞ்சைப் பெரிய கோயிலும் அவர் படங்களில் இருப்பது மாதிரி நாம் ஒருபோதும் பார்த்திருக்க மாட்டோம், ஏனென்றால் பெரும்பாலான படங்களில் கூட்டமே கிடையாது. பூக்கடை இல்லை, அர்ச்சனைத் தட்டு இல்லை. அளவுக்கு ஒரு ஆள் அங்கங்கே நிற்பதோடு சரி. வானம் வெறுமையாக வெளுத்துப் போகுமென்று சில நெகட்டிவ்களில் அவரே மேகத்தை வரைந்து சேர்த்தார். ஆக, மேகத்தைச் சேர்க்கலாம் என்று தோன்றியிருக்கிறது. மனிதர்கள் குறைகிறார்கள் என்பது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டதும் கட்டடங்களின் பட்டியல்தான்.

அவரை இப்படி ஒரே அடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 நெகட்டிவ்களில் வரிசையாக எடுத்து ஒட்டினார். சேர்த்தால் ஏறக்குறைய 19 அடி நீளம். அந்தப் படத்தில் மனிதர் இல்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாது. கல்வெட்டு என்பதே மனிதர்களைப் பற்றிய கணக்குதான். பெரிய நெகட்டிவின் பொறுமையும் கூர்மையும் எதற்கு உபயோகப்படும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் சார்ல்ஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்தார், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று முடிவுகட்டினார். டிரைப்பின் வேலை நின்றுபோனது.

டிரைப்பிடமிருந்தே இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, கட்டடத்தை அதன் புழக்கத்திலிருந்து பிய்த்தெடுத்து அழகாகக் காட்டுவது. இன்னொன்று, கட்டடத்தின் மேல் மனிதர்கள் விட்டுச்சென்ற தடத்தை வாசிக்கத் தருவது. சர்ச் படங்களை நான் இந்த இரண்டாக வைத்துத்தான் பார்க்கிறேன்.

*

இரண்டாவது வழியின் உச்சம் என்று ஒரே ஒரு படத்தைச் சொல்லச் சொன்னால், ஃபிரெடரிக் எவன்ஸ் 1903இல் இங்கிலாந்தின் வெல்ஸ் கதீட்ரலில் எடுத்த படிக்கட்டுப் படத்தைச் சொல்வேன். எவன்ஸ் லண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். 1898இல் கடையை விட்டுவிட்டு முழுநேரமாகத் தேவாலயங்களை எடுக்கப் போனார். வெட்டுதல், ஒட்டுதல், நெகட்டிவில் கைவைத்தல் எதுவும் கூடாது என்பது அவர் கொள்கை. பிளாட்டினம் தாளில் மட்டும் அச்சிட்டார். முதல் உலகப் போர்க் காலத்தில் பிளாட்டினம் விலை எட்டாத உயரத்துக்குப் போனதும் படமெடுப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார்.

அந்தப் படத்துக்கு 'படிகளின் கடல்' என்று பெயர் வைத்தார். ஆள் ஒருவர்கூட இல்லை. ஆனால் கற்படிகள் ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, அலை மாதிரி நெளிந்து மேலேறுகின்றன. அத்தனை குழிவும் கால் பட்டுத் தேய்ந்தது. நூற்றாண்டுகளாக ஏறி இறங்கியவர்கள் எல்லோரும் அந்தப் படத்தில் இருக்கிறார்கள். ஒரு பாதிரியாரை அந்தப் படியில் நிற்க வைத்திருந்தால் அந்தக் கூட்டம் காணாமல் போயிருக்கும், ஒரே ஒரு பாதிரியார் மட்டும் மிஞ்சியிருப்பார். ஆகவே ஆளில்லாத படம் எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை.

முதல் வழியின் ஆபத்தைப் புகைப்படக்காரர்களைவிட நன்றாகச் சொன்னவர் ஒரு எழுத்தாளர், ஜேம்ஸ் ஏஜி. 1936 கோடையில் அவரும் வாக்கர் எவன்ஸும் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏழைக் குத்தகை விவசாயிகளைப் பற்றி எழுதப் போயிருந்தார்கள். அந்த வேலை பிறகு 1941இல் புத்தகமாக வந்தது. வாக்கர் எவன்ஸ் அந்த வருஷங்களில் 8×10 கேமராவோடு அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களின் சிறிய மரச் சர்ச்சுகளை நேர் எதிரே நின்று எடுத்துக்கொண்டிருந்தார். பலகைச் சுவர், சின்ன மணிக்கூண்டு, கதவு, அவ்வளவுதான். புத்தகத்தில் ஒரு பகுதி வருகிறது. வழியில் ஒரு அழகான சர்ச். கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே எடுக்க ஆசை, ஜன்னலை நெம்பித் திறந்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறார்கள். அப்போது ஒரு இளம் கறுப்பினத் தம்பதி அந்தப் பக்கமாக நடந்து போகிறது. பாதிரியார் எங்கே இருப்பார் என்று கேட்க ஏஜி அவர்கள் பின்னால் வேகமாகப் போகிறார். காலடிச் சத்தம் கேட்டு அந்தப் பெண் நடுங்கிப் போகிறாள். பின்னால் ஓடிவருகிற ஒரு வெள்ளைக்காரன் அங்கே அவளுக்கு வேறு எதுவாக இருக்க முடியும்? தன் காலடி ஓசை என்ன செய்துவிட்டது என்று ஏஜி கூசிப்போகிறார்.

அந்தப் பகுதியைப் படித்த பிறகு வாக்கர் எவன்ஸின் சர்ச் படங்களில் மூடியிருக்கும் கதவை என்னால் சும்மா ஒரு வடிவமாகப் பார்க்க முடியவில்லை. இது யாருடைய சர்ச், எடுக்க வந்தவர் யார், அவரைப் பார்த்து அந்த ஊர் ஆட்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்ற மூன்றும் அந்தக் கதவில் இருக்கின்றன. எவன்ஸ் அதைத் திறந்து காட்டாததும், நேரெதிரே நின்று மரியாதையாக எடுத்ததும் அந்தப் படங்களின் நேர்மை என்று நினைக்கிறேன்.

*

இனி நம் ஊர்ச் சர்ச்சுகளுக்கு வருகிறேன். இங்கே கத்தோலிக்கர்கள் கோயில் என்பார்கள், மாதா கோயில் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளிலும் கோயில்தான். புகைப்படத்தின் கீழே மட்டும் அது பாரம்பரியக் கட்டடம் ஆகிவிடுகிறது. கட்டிய வருஷம், கட்டிய வெள்ளைக்காரர் பெயர், கட்டடப் பாணி. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூஸ் கர்க் என்றால் 16 தூண்களும் நட்சத்திரம் தீட்டிய நீலக் குவிமாடமும். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி சர்ச் என்றால் 1680, கிளைவின் கல்யாணம். தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர் புயல், கூரையில்லாத சுவர்கள், அதற்குப் பின்னால் கடல். தமிழ்நாட்டில் அதிகமாகப் படமெடுக்கப்பட்ட சர்ச்சுகளில் தனுஷ்கோடியும் ஒன்று. இடிந்து கிடக்கிறது, சபை இல்லை, யாரையும் வெளியே அனுப்பும் அவசியமும் இல்லை. ஒரு வகையில் மற்ற எல்லா சர்ச்சுகளையும் தனுஷ்கோடி மாதிரி ஆக்கிப் பார்க்கும் ஆசைதான் இந்த வகைப் படங்களில் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

டியூப்லைட்டும் வயரும் ஃபேனும் கண்ணை உறுத்துகின்றன என்பார்கள். உறுத்தட்டும். அந்த ஃபேனில் யாரோ ஒருவரின் பெயர் எழுதியிருக்கும், இறந்துபோன அப்பா நினைவாக மகன் கொடுத்தது. அந்த ஸ்பீக்கர் பெட்டி அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த பணத்தில் வாங்கியதாக இருக்கும். கல் பலகையில் லத்தீனில் எழுதிய கலெக்டர் பெயர் வரலாறு என்றால், ஃபேன் இறக்கையில் பெயிண்டில் எழுதிய பெயர் ஏன் குப்பையாக வேண்டும்? 8×10 நெகட்டிவ் இரண்டையும் ஒரே துல்லியத்தோடு பதியும். வேண்டாம் என்று ஒதுக்குவது நாம்தான்.

இந்த இடத்தில் என் வாதத்துக்கே எதிரான ஒரு கட்டடத்தைச் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே வடக்கன்குளம். அங்கே 1872இல் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை ஊரில் கால்சட்டைக் கோயில் என்றார்கள். ஒரே பீடத்தை நோக்கி இரண்டு நீண்ட கூடங்கள் வந்து சேரும், கால்சட்டையின் இரண்டு கால்கள் இடுப்பில் சேர்வது மாதிரி. ஒரு காலில் வேளாளர், இன்னொன்றில் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். பூசை செய்யும் சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. சாதியை அளந்து போட்ட கட்டட வரைபடம் அது. 1910இல் காசனல் என்ற பாதிரியார் பிரிவினைத் தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, சாதிக்கென்று தனி இடம் கேட்டவர்களின் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' நூலைப் படித்தவர்களுக்கு இந்த விவகாரம் பழக்கமாக இருக்கும்.

இந்தக் கோயிலை எப்படிப் படமெடுப்பது? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு எடுத்தால் அது எந்த ஊர்க் கோயிலாகவும் இருக்கலாம், பட்டுப்புடவையும் பூவும் குழந்தைகளுமாக. தடுப்பும் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாட்சியாக மிஞ்சியிருப்பது கட்டடத்தின் வடிவம்தான். அதைக் காட்டத் தேவைப்படுவது, ஆளில்லாத, கோடு பிசகாத, பொறுமையான ஒரு படம். டிரைபாடை ஒரு கூடத்துக்குள் நட்டால் ஒரு அழகான நீண்ட கூடம் மட்டும் வரும், 'பாரம்பரியக் கட்டடம்' வரும். இரண்டு கால்களும் சேருகிற இடத்தில், பீடத்துப் பக்கத்திலிருந்து திரும்பி நின்று எடுத்தால், இரண்டு கூடங்களும் ஒன்றை ஒன்று பார்க்காமல் விலகிப் போவது ஒரே ஃபிரேமில் விழும். பூசை வைத்தவர்கள் தினம் பார்த்த காட்சி அது. சில அடி தள்ளி நிற்பதில் படத்தின் பொருளே மாறிவிடுகிறது.

அப்படியானால் ஆள் வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னது என்ன ஆச்சு என்று கேட்கலாம். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தலையெண்ணினால் போதாது. யார் எங்கே நின்றார்கள் என்பதைப் படத்திலிருந்து வாசிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வெல்ஸ் படிக்கட்டில் முடிகிறது. வடக்கன்குளத்தில் சரியான இடத்திலிருந்து எடுத்தால் முடியும். ஸ்பீக்கரைத் தூக்கி வைத்துவிட்டு எடுத்த படத்தில் முடிவதில்லை. இதெல்லாம் பழங்கதை என்றும் ஒதுக்கிவிட முடியாது. விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டு, பிறகு தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டுப் போராடிய விவகாரம் 2008 மார்ச்சில் மோதலாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். யார் எந்த வழியாகக் கோயிலுக்குள் வருகிறார்கள், யாருடைய சவ வண்டி எந்தத் தெருவில் போகிறது, யாருக்கு எந்தக் கல்லறை என்பதெல்லாம் இன்றைக்கும் உயிர்ப் பிரச்சினை. அதில் எதையும் காட்டாத சர்ச் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது.

*

ஒரு முக்கியமான விஷயத்தை நம் விமர்சகர்கள் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் பழைய சர்ச்சுகளைப் பெரிய கேமராவில் எடுக்கும் மரபு ஏற்கெனவே இருந்தது, பல தலைமுறை இருந்தது. அதற்குக் கலை என்று யாரும் பெயர் வைக்கவில்லை. குரூப் போட்டோ என்றார்கள்.

எங்கள் அரக்கோணம் பக்கம் வெளியூர்க்காரர் கேமராவோடு இறங்கினால் அது திருத்தணி மலைக்காகத்தான் இருக்கும். இங்கே ரயில்வேக்காரர்கள் கும்பிட்ட சர்ச்சுகளும், ஆற்காடு மிஷன்காரர்கள் 1850களிலிருந்து கிராமம் கிராமமாகப் போய்த் தொடங்கிய சபைகளும் பெரும்பாலும் எளிமையானவை. ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர், ஒரு மணி. உயர்ந்த கோபுரத்தைத் தேடி வருகிற கேமராக்காரருக்கு இங்கே எதுவும் இல்லை. ஆனால் இந்த மாதிரி சர்ச்சுகளின் வெஸ்ட்ரிக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள். கறுப்பு மரச் சட்டத்துக்குள் ஓரம் பழுப்பேறிய குரூப் போட்டோக்கள். திடப்படுத்தல் ஆராதனை, ஐயர் மாற்றலாகிப் போனபோது நடந்த பிரிவுபசாரம், பெண்கள் ஐக்கிய சங்கம், வெள்ளி விழா.

இவற்றை எடுத்தவர்கள் பக்கத்து டவுன் ஸ்டுடியோக்காரர்கள். ஹாஃப் பிளேட், ஃபுல் பிளேட் கேமரா, மர முக்காலி, கறுப்புத் துணி. ஷட்டர்கூட இல்லாமல் லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மாட்டியவர்கள் நிறைய. 'அசையாதீங்க' என்று அவர்கள் சொன்னது மிரட்டல் கிடையாது, தொழில்நுட்பத் தேவை. லண்டன் எவன்ஸும் ஸ்டுடியோக்காரரும் கையில் வைத்திருந்தது ஏறக்குறைய ஒரே கருவிதான். எவன்ஸ் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார். ஸ்டுடியோக்காரர் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கண்ணைத் திறந்திருக்கக் காத்திருந்தார்.

இந்தப் படங்களில் சர்ச் பின்னணி மட்டும்தான். பல சமயம் கோபுரத்தின் தலை ஃபிரேமுக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கும். லென்ஸ் பலகையை மேலே ஏற்றினால் கோபுரம் வந்துவிடும் என்பது ஸ்டுடியோக்காரருக்குத் தெரியாத வித்தை இல்லை. ஏற்றினால் கீழே தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வெட்டுப்படுவார்கள், அதனால் ஏற்றவில்லை. கோபுரமா குழந்தைகளா என்று வந்தபோது அவர் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். இதை ஒரு அழகியல் முடிவாகவே நான் வாசிக்கிறேன், அதுவும் நல்ல முடிவாக.

அதற்காக இந்தப் படங்களைத் தூக்கிக் கொண்டாடவும் தேவையில்லை. ஒரு குரூப் போட்டோவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நடுவில் நாற்காலியில் பிஷப்போ மிஷனரியோ. இரண்டு பக்கமும் நாற்காலிகளில் கமிட்டி ஆட்கள், கோட்டு, மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். பின்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் இளைஞர்கள். பெண்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி. கடைசியில், ஏறக்குறைய ஃபிரேமின் விளிம்பில், மணியடிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கீழே பெயர்கள் எழுதியிருந்தால் நாற்காலி வரிசைக்கு மட்டும் எழுதியிருக்கும். நிற்கிறவர்களுக்குப் பெயர் இருக்காது. ஊர்ச் சமூகத்தின் மேடு பள்ளம் மூன்று வரிசையில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. வடக்கன்குளத்துக் கட்டடத்தைப் போல வெளிப்படையாக இல்லை என்றாலும் இதுவும் ஒரு வரைபடம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விளிம்பில் நிற்கும் அந்த ஆளின் முகம் பெரிய நெகட்டிவில் நடு நாற்காலியின் முகத்துக்கு நிகரான கூர்மையோடு பதிவாகியிருக்கிறது. வரிசை வைத்தவர்கள் அவரை ஓரத்துக்குத் தள்ளினார்கள், ஃபிலிம் அவரைத் தள்ளவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அவர் சட்டையில் பொத்தான் விட்டுப்போன இடம் தெரியும். மூன்றரை நிமிஷப் படத்தில் கரைந்துபோன ஆள் இவர்தான். இங்கே 'அசையாதீங்க' என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள், அவரும் அசையாமல் நின்றிருக்கிறார்.

பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியது பெரிய காரியம். வெஸ்ட்ரிச் சுவர்கள் அந்த மாதிரி வேலைக்காக இன்னும் காத்திருக்கின்றன. சபை பெருகுகிறது, ஓட்டுச் சர்ச்சை இடித்துவிட்டு கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுகிறார்கள். அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை, வெயிலில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து ஆராதிக்கிறவர்களுக்குக் கூரை வேண்டும். ஆனால் இடிக்கிற அவசரத்தில் சட்டம் போட்ட படங்கள் எங்கே போகின்றன என்று யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடி உடைந்தால் படமும் குப்பைக்குப் போய்விடுகிறது.

லார்ஜ் ஃபார்மட்டுக்குத் திரும்பி வருகிற இளைஞர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். ஃபிலிம் தாள் ஒவ்வொன்றும் காசு, ஒரு சர்ச்சுக்கு இரண்டு மூன்று தாளுக்கு மேல் செலவழிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்க இரண்டே விஷயங்கள்தான் எனக்கு இருக்கின்றன. ஒரு தாளைக் காலியான கூடத்துக்குக் கொடுங்கள், ஆனால் ஸ்பீக்கரையும் நாற்காலியையும் அது அது இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இன்னொரு தாளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை வெளியே வரும் நேரத்துக்கு வையுங்கள். காலை வெயிலில் மூன்றரை நிமிஷம் தேவைப்படாது, ஒரு நொடியில் ஒரு பங்கு போதும். வரிசை எதுவும் வைக்காமல், அவர்கள் இஷ்டத்துக்கு நிற்கச் சொல்லிப் பாருங்கள். நடுவில் யார் வந்து நிற்கிறார்கள், ஓரத்துக்கு யார் தானாகவே போகிறார்கள் என்பது உங்கள் நெகட்டிவில் இருக்கும். பிறகு ஒரு நோட்டில் எல்லோருடைய பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், நிற்கிறவர்களுடைய பெயரையும் சேர்த்து.